பஃபர் கரைசல் தயாரிப்பு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பிஎச் 5-இல் 0.1 மோலார் அசிடேட் பஃபர் ஒரு லிட்டர் வேண்டும். கணக்கு எப்படிப் போடுவது? (பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு)

பதில்: பஃபர் என்றால் கொஞ்சம் அமிலமோ காரமோ விழுந்தாலும் பிஎச் அதிகம் மாறாத கரைசல். அதற்கு ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடுதான்: பிஎச் = பிகேஏ + log (உப்பு/அமிலம்). பிகேஏ என்பது அமிலமும் அதன் உப்பும் சம அளவில் இருக்கும் பிஎச்; அசிட்டிக் அமிலத்துக்கு அது 4.76. அதை 5-லிருந்து கழித்தால் 0.24. பத்தின் அடுக்கு 0.24 என்பது ஏறக்குறைய 1.74. ஆக, அமிலம் ஒரு பங்கு என்றால் அசிடேட் 1.74 பங்கு. இரண்டும் சேர்ந்து 0.1 மோல் வர வேண்டும் என்பதால் அசிடேட் 0.0635 மோல், அமிலம் 0.0365 மோல். சோடியம் அசிடேட் ட்ரைஹைட்ரேட் (மூன்று நீர் மூலக்கூறுகளோடு வரும் உப்பு) 8.64 கிராம், கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் 2.1 மி.லி. எடுங்கள்.

எடை போடுமுன் பாட்டில் லேபிளை ஒருமுறை படித்துவிடுங்கள். நீரற்ற சோடியம் அசிடேட் என்றால் 5.21 கிராம் போதும். ட்ரைஹைட்ரேட்டை வைத்துக்கொண்டு இந்த 5.21 கிராமை எடுத்தால் உப்பில் நாற்பது சதவீதம் குறைந்து, கணக்குப்படி பிஎச் 4.8-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். "சமன்பாடு வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த லேபிளைத்தான்.

கேள்வி: சரியாகத்தான் எடை போட்டேன். ஆனாலும் மீட்டர் 4.9 காட்டுகிறதே?

பதில்: காட்டத்தான் செய்யும் தம்பி. சமன்பாட்டில் நாம் போடுவது செறிவு. மின்முனை உணர்வது அயனிகளின் செயல்திறன் (activity), அதாவது உண்மையில் செயல்படும் அளவு. 0.1 மோலார் அளவில் அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் இவ்வளவு வித்தியாசம் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு சில துளிகள் விட்டு 5-க்குக் கொண்டுவாருங்கள், போதும். ஒன்று மட்டும்: முதலிலேயே ஒரு லிட்டர் நிரப்பிவிட்டு பிஎச் சரிசெய்யாதீர்கள். 800 மி.லி. தண்ணீரில் கரைத்து, பிஎச் பார்த்து, அப்புறம் திட்டக் குடுவையில் ஒரு லிட்டர் கோடுவரை மேக் அப் செய்யுங்கள்.

கேள்வி: மேடம், ட்ரிஸ் பஃபரை பிஎச் 8.0-க்கு வைத்துக் குளிர் அறையில் வைத்தேன். அங்கே பார்த்தால் 8.6. கெட்டுவிட்டதா? (ஆய்வு மாணவி)

பதில்: கெடவில்லை, ட்ரிஸ் என்ற இந்தக் கரிமக் காரத்தின் குணமே அதுதான். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அதன் பிகேஏ ஏறக்குறைய 0.028 கூடும். 25-லிருந்து 4 டிகிரிக்குப் போனால் 21 டிகிரி வித்தியாசம். பெருக்கிப் பாருங்கள், 0.6 வரும். புரதத்தை 4 டிகிரியில் பிரிக்கிறீர்கள் என்றால் பிஎச்-ஐயும் 4 டிகிரியிலேயே வையுங்கள். மீட்டரும் அதே குளிரில் அளவுதிருத்தப்பட்டிருக்க வேண்டும். மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அது மின்முனையின் சரிவை (ஒரு பிஎச் அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பதை) திருத்துமே தவிர, கரைசலுக்குள் நடக்கும் மாற்றத்தைத் தொடாது.

ட்ரிஸின் பிஎச்-ஐக் குறைக்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் கரைசல் சூடாகும். அந்தச் சூட்டிலேயே பிஎச் வைத்தால், ஆறியபின் மேலே போயிருக்கும். அவசரப்படாமல் ஆறவிடுங்கள்.

கேள்வி: பாஸ்பேட்டை வைத்தே பிஎச் 9 பஃபர் செய்யலாமா? ஆய்வகத்தில் அதுதான் இருக்கிறது.

பதில்: வேண்டாம். பாஸ்பேட்டின் பிகேஏ 7.2, அடுத்தது 12.3. 9 என்பது நடுவே உள்ள வெற்றிடம். மீட்டர் 9 காட்டும், ஒரு சொட்டு அமிலம் விழுந்தால் கீழே சரியும். பிகேஏ-விலிருந்து ஒன்றுக்கு மேல் விலகாதீர்கள். போரேட் வாங்குங்கள், அதன் பிகேஏ 9.24.

கேள்வி: தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும்போது சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுவது தெளிவாகத் தெரியவில்லை. இண்டிகேட்டர் புதியதுதான். (பள்ளி ஆசிரியர்)

பதில்: உங்கள் அமோனியா பஃபர் எவ்வளவு பழையது சார்? அடிக்கடி திறக்கும் பாட்டிலிலிருந்து அமோனியா வாயுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும், பிஎச் 10-லிருந்து இறங்கும். இறங்கினால், நீங்கள் சொட்டுச் சொட்டாக விடும் ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்) தண்ணீரில் உள்ள மெக்னீசியத்தை இறுகப் பிடிக்காது, நிறமாற்றம் இழுவையாகும். 10-ஐத் தாண்டி ரொம்ப மேலே போனாலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும்.

புதிதாகச் செய்யுங்கள்: அமோனியம் குளோரைடு 17.5 கிராம், அடர் அமோனியா 142 மி.லி., தண்ணீர் சேர்த்து 250 மி.லி. புகைபோக்கி அறைக்குள் (ஃபியூம் ஹுட்) செய்வது நல்லது. வெயில் காலத்தில் அமோனியா பாட்டிலை முதலில் குளிர வைத்துவிட்டுத் திறங்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால் முகத்தில் அடிக்கும்.

கேள்வி: பழைய பாஸ்பேட் பஃபரில் பஞ்சு மாதிரி ஏதோ மிதக்கிறது. வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: ஊற்றிவிடுங்கள். அது பூஞ்சை. வடிதாளில் பஞ்சு நிற்கும், அது கரைசலில் விட்டுவைத்தது நிற்காது. அடுத்த முறை சிறுசிறு பாட்டில்களில் பிரித்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். பிப்பெட்டை நேராகப் பெரிய பாட்டிலுக்குள் விடாதீர்கள், பீக்கரில் மிஞ்சியதைத் திருப்பியும் ஊற்றாதீர்கள்.