மகளிர் சுய உதவிக் குழுவில் குழுவை வழிநடத்தும் ஊக்குநர் ஒருவரே எல்லாம் பார்க்கிறார், மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில்தான் தொடங்கின. அன்றிலிருந்து அடிப்படை ஒன்றுதான்: கணக்கு எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும். கணக்கு நோட்டு ஒருவர் வீட்டிலேயே கிடந்தால் சந்தேகம் முளைக்கும், பிறகு சந்தா நிற்கும்.

கூட்டத்தில் வட்டமாக உட்காருங்கள். சந்தாப் பணத்தை எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் எண்ணட்டும், இன்னொருவர் எழுதட்டும், மூன்றாமவர் சத்தமாக வாசிக்கட்டும். அதன்பிறகே கையெழுத்து, கைநாட்டு. இது ரொம்ப முக்கியம். எண்ணியவருக்குக் குழு தன்னுடையதாகிவிடும்.

கடன் யாருக்கு என்று பேசும்போது ஊக்குநர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். தவணை தவறியவரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள், வரவே மாட்டார். இரண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தால், கூலி வரும் நாளுக்குத் தவணையை மாற்றித் தீர்மானம் எழுதுங்கள்.