மீத்தேன் ஹைட்ரேட் படிவுக்கு மணல் மாடலே போதாதா?

மீத்தேன் வாயு நீருக்குள் சிறைப்பட்டுப் பனிக்கட்டி போல இறுகிய பொருள்தான் மீத்தேன் ஹைட்ரேட். அது படிந்த மணலின் நடத்தையைக் கணிக்க, சாதாரண மணலுக்கான கணினி மாடலை எடுத்து, துளைகளில் உள்ள ஹைட்ரேட் செறிவுக்கு ஏற்றபடி கோஹீஷனையும் (துகள்களின் ஒட்டுப்பிடிப்பு) விறைப்பையும் மாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் தயாராக ஒரு மென்பொருள் இருக்கிறது, கெடு நெருங்குகிறது என்று ஊகிக்கிறேன். வலிமையை மட்டும் பார்க்க அது போதும். வாயு எடுக்கும் கட்டத்துக்குப் போதாது.

கிணற்றில் அழுத்தத்தைக் குறைத்தால் துளைநீர் அழுத்தம் இறங்கும், பயனுறு தகைவு, அதாவது நீரல்லாத திடப்பகுதி தாங்கும் தகைவு, ஏறும். ஏறிய பாரத்தில் ஒரு பங்கை மணலும் ஒரு பங்கை ஹைட்ரேட்டும் தாங்கும். அப்புறம் ஹைட்ரேட் வாயுவும் நீருமாகச் சிதையும்போது, அது சுமந்த பங்கு மணலின் தலையில் விழுகிறது, மண் அமுங்குகிறது. பல மாடல்களிலோ தகைவு மாற்றம் என்பது விறைப்பைத் திரிபு (உருமாற்ற அளவு) மாற்றத்தால் பெருக்கியது, அவ்வளவுதான். தகைவு மாறாமல் விறைப்பு மட்டும் குறைந்தால் அந்த மாடலில் அமுக்கம் பூஜ்யம்.

முனைவர் பட்ட ஆய்வின்போது எனக்குக் கைமாறி வந்த நிரலில் இதைத்தான் பார்த்தேன். மண் மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி மேலிருந்து பாரம் ஏற்றும் டிரையாக்சியல் சோதனையில் பாரத்தை ஏற்றி, அதை அப்படியே வைத்து ஹைட்ரேட்டைச் சிதைத்தால் மாதிரி நன்றாகவே அமுங்கியது. கணினியில் கோடு அசையவில்லை. ஹைட்ரேட் தாங்கும் தகைவுக்குத் தனிக் கணக்கு வைத்து, அது சிதையச் சிதைய அந்தப் பங்கை விடுவிக்கும் ஓர் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தேன். கோடு சோதனையோடு ஒட்டி வந்தது. “இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?” என்றார் மூத்தவர் ஒருவர். வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன்.

நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை, இது ஆய்வுக் கட்டுரைகளில் ஏற்கெனவே வந்ததுதான். கோஹீஷன் குறைந்தால் பிளாஸ்டிக் திரிபு (மீளாத உருமாற்றம்) வருமே என்று யாராவது கேட்பார்கள். வரும், மீளாத உருமாற்றம் தொடங்கும் எல்லையைத் தகைவு தொட்டால். 2013-இல் ஜப்பானின் நங்காய் பள்ளத்தில் நடந்த கடலடி வாயு எடுப்புச் சோதனை, கிணற்றுக்குள் மணல் புகுந்து ஆறே நாளில் நின்றது. இந்த ஓர் உறுப்பு அதை விளக்கிவிடாது. ஆனால் கிணற்றைச் சுற்றித் தகைவே தப்பென்றால் மணல் வரத்தை எதை வைத்துக் கணிப்பது?

இன்னொரு ஆதங்கம். ஈர மணலில் வாயுவைச் செலுத்தி உருவாக்கிய ஹைட்ரேட் துகள்களை ஒட்டவைக்கும்; நீர் நிறைந்த மணலில் உருவானது பெரும்பாலும் துளைக்குள் நிற்கும். செறிவு ஒன்றானாலும் வலிமை வேறு. எந்த முறை என்றே எழுதாமல் வரைபடம் மட்டும் போடுகிறார்கள். மூலத் தரவு கேட்டு எழுதினேன், பதில் இல்லை. உங்கள் ஒப்பீட்டுக்கு உருவாக்கிய முறையைத் தெளிவாகச் சொல்லும் சோதனைகளை மட்டும் எடுங்கள்.