எம்எல்ஏ நோட்டீஸில் எங்கள் தெரு இருக்கிறது, சாலை எங்கே?

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சிக்கு உட்பட்ட மனைப்பிரிவில் 36 வீடுகள் இருக்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் எம்எல்ஏ வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸில், தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைக்கப்பட்ட பணிகள் என்ற தலைப்பின் கீழ் எங்கள் தெருவுக்கு சிமென்ட் சாலை என்று அச்சிட்டிருந்தது. எட்டு மாதமாகிறது, ஒரு லோடு ஜல்லிகூட இறங்கவில்லை. இப்போது ஒருவர் வந்து, ஃபைல் கலெக்டர் ஆபீஸில் தூங்குகிறது, வீட்டுக்கு 500 ரூபாய் போட்டால் நகர்த்திவிடலாம் என்கிறார். 18 வீட்டார் கொடுத்துவிட்டார்கள். பணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கொடுக்கலாமா? (குடியிருப்போர் நலச்சங்கப் பொருளாளர்)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த நோட்டீஸை எடுத்து, அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை படியுங்கள். நோட்டீஸ் வந்தால் நாம் படத்தைப் பார்ப்போம், தொகையைப் பார்ப்போம், நம் தெருப் பெயரைத் தேடுவோம்; வினைச்சொல் கண்ணில் படாது. ‘வலியுறுத்தப்பட்டது’ என்றால் சட்டமன்றத்திலோ அமைச்சரிடமோ பேசியிருக்கிறார், அவ்வளவுதான். ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்றால் கலெக்டருக்குக் கடிதம் போயிருக்கிறது. ‘நிர்வாக அனுமதி’ என்று போட்டிருந்தால்தான் அந்த வேலைக்கென்று பணம் ஒதுங்கியிருக்கிறது. ‘பணி ஆணை’ என்றால் காண்டிராக்டர் கையில் காகிதம் இருக்கிறது. உங்கள் தெரு இரண்டாவது படியில் நிற்கிறது. நோட்டீஸில் பொய் ஒன்றும் இல்லை, படித்தவர்கள் கடிதத்தையே சாலையாக எண்ணிக்கொண்டார்கள்.

எம்எல்ஏவின் அதிகாரம் அந்தப் பரிந்துரையோடு முடிகிறது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது அவர் கைக்கு வருவதில்லை. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை மூலம் கலெக்டர்தான் அனுமதிக்கிறார், ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போடுகிறார், டெண்டர் விட்டு, வேலையை அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகு பில் பாஸாகிறது.

3 கோடி பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021 தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர்கள் ஏறக்குறைய 6.28 கோடி, தொகுதிகள் 234. சராசரியாகத் தொகுதிக்கு 2.68 லட்சம் பேர். தலைக்கு 112 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு நாலு ஓட்டு என்றாலும் 450 தேறாது. உங்களிடம் வந்தவர் வீட்டுக்கு 500 கேட்கிறார். ஒரு வருஷத்து நிதியில் உங்கள் வீட்டுப் பங்கைவிட அவருடைய கூலி அதிகம்!

இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. நான் வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்த ஓர் ஒன்றியத்தில், எதிர் டீக்கடை பெஞ்சில் ஒருவர் காலை பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். மக்கள் கொடுக்கும் மனுவைத் தன் கையால் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் ‘பெறப்பட்டது’ என்று சீல் வாங்கிக்கொள்வார். அந்த சீல் எந்தக் காகிதத்துக்கும் விழும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும் குத்தித்தான் கொடுப்பார்கள். அதன்மேல் பச்சை மையில் யாருடையதோ ஒரு கிறுக்கல். அவ்வளவுதான், ஊரில் அது ‘ஆர்டர் காப்பி’ ஆகிவிடும். இரண்டாம் தவணை அன்று சாயங்காலமே வசூலாகும். வேலை தானாக நடந்தால் அவரால் நடந்தது, நடக்காவிட்டால் அதிகாரி மாறிவிட்டார். இரண்டு பக்கமும் அவருக்கு நஷ்டமில்லை. பட்டாவுக்கு, ரேஷன் கார்டுக்கு, முதியோர் பென்ஷனுக்கு ‘எம்எல்ஏ லெட்டர்’ வாங்கித் தருகிறேன் என்பவர்களும் இதே ஜாதிதான். அவற்றில் எதற்கும் அந்த லெட்டர் தேவையில்லை. எம்எல்ஏ கையெழுத்து உண்மையாகவே வேண்டுமென்றால் தொகுதி அலுவலகத்தில் நேரே கேளுங்கள், அதற்கு விலை கிடையாது.

இன்னொன்று. லஞ்சம் வாங்குவது மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். சங்கத்தின் கணக்கு நோட்டில் இந்த 9,000 ரூபாயை என்ன பெயரில் எழுதுவீர்கள்?

சரி, ஃபைல் ஏன் நிற்கிறது? உங்கள் கடிதத்தில் ‘மனைப்பிரிவு’ என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சந்தேகம். அந்தத் தெரு யாருடையது?

கேள்வி விசித்திரமாகத் தோன்றும். இருபது வருஷமாக நடக்கிறோம், தெருவிளக்கு எரிகிறது, வீட்டு வரி கட்டுகிறோம் என்பீர்கள். அதெல்லாம் தெருவை ஊராட்சியுடையதாக்காது. மனைப்பிரிவு போட்டவர், சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் நீங்கள் தினமும் நடப்பது ஒரு தனியாரின் நிலத்தில். அரசுப் பணத்தைத் தனியார் நிலத்தில் கொட்ட எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடமாட்டார். போட்டால் தணிக்கையில் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதை உங்களிடம் நேராகச் சொல்லவும் மாட்டார். ‘நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி பதில் வரும். இந்த வரியைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் நான் சும்மா விடமாட்டேன். நிதிக்கும் உங்கள் தெருவுக்கும் தகராறே இல்லை, பத்திரம்தான் இல்லை என்று எழுதியிருந்தால் மக்கள் பத்து வருஷம் அலைந்திருக்க மாட்டார்கள்.

இதைச் சரிபார்க்க யாரையும் கெஞ்ச வேண்டாம். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் மனைப்பிரிவு வரைபடம் இணைத்திருக்கும். அதில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண்ணோ சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எண்ணோ இருந்தால் தானப் பத்திரமும் அநேகமாக இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் நகல் கேளுங்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று மட்டும் இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே கிடையாது, அந்த இரண்டு வார்த்தையை நம்பி மனை வாங்கி ஏமாந்தவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். தெரு இருக்கும் சர்வே எண்ணுக்கு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், தானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். வருவாய்த்துறை இணையதளத்தில் அதே சர்வே எண்ணின் அ-பதிவேட்டை (நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று எழுதிய பதிவேடு) எடுத்தால், பாதை என்று உட்பிரிவு ஆகியிருக்கிறதா, இல்லை பழைய நிலச் சொந்தக்காரர் பெயரே நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. பலர் தங்கள் மனையை மட்டும் முறைப்படுத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். மனை முறைப்பட்டால் தெரு தானாக ஊராட்சிக்குப் போய்விட்டதாக அர்த்தமில்லை. பத்திரம் இல்லையென்று தெரிந்தால், மனைப்பிரிவு போட்டவரையோ அவர் வாரிசுகளையோ தேடிப் பிடித்துத் தானம் எழுதி வாங்குவதுதான் உங்கள் சங்கத்தின் முதல் வேலை. சாலை அதற்கப்புறம். எம்எல்ஏவே நேரில் வந்து நின்றாலும் இந்த ஒன்றைத் தாண்ட முடியாது.

பத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகலோடு ஒன்றியப் பொறியாளரைப் பார்த்து, தெருவின் நீள அகலமும் சர்வே எண்ணும் எழுதிக் கொடுங்கள். அறுபது கையெழுத்து வாங்குகிறீர்கள், சர்வே எண் எழுத மறந்துவிடுகிறீர்கள். அந்த மனுவை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரே ஒரு மனு கொடுத்து எண் வாங்கி வையுங்கள். கலெக்டருக்கு ஒன்று, முதல்வரின் உதவி எண் 1100க்கு ஒன்று, எம்எல்ஏவுக்கு ஒன்று என்று தட்டினால் எல்லாம் சுற்றிச்சுற்றி ஒரே குமாஸ்தா மேஜைக்குத்தான் வந்து சேரும், மூன்றுக்கும் அவர் அதே பதிலை நகலெடுப்பார்.

கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ. ‘ஏன் போடவில்லை’ என்று கேட்காதீர்கள், ஏனுக்கெல்லாம் பதில் சொல்ல சட்டத்தில் இடமில்லை என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: இந்த நிதியாண்டில் எங்கள் தொகுதி எம்எல்ஏ பரிந்துரைத்த பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நிர்வாக அனுமதி ஆணையின் நகல், திருப்பி அனுப்பிய பணிகள் குறித்த கடித நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தக் கடித நகல் கிடைத்தால் உங்கள் எட்டு மாதமும் ஒரே பக்கத்தில் இருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புது அனுமதி கிடையாது, பணி ஆணை கொடுத்தும் தரையில் தொடங்காத வேலையும் நின்றுவிடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

வந்தவர் மறுபடி வந்தால் சண்டை போட வேண்டாம். நிர்வாக அனுமதியின் ந.க.எண்ணும் (அந்த ஃபைலின் எண்) தேதியும் மட்டும் கேளுங்கள். ஃபைலை நகர்த்துகிறவருக்கு அந்த எண் தெரியாமலா இருக்கும்? அவர் பதில் சொல்கிறாரோ இல்லையோ, இந்த வாரத்துக்குள் 18 வீட்டுக்கும் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, நோட்டில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் உங்கள் பீரோவில் இருக்கும்வரை கேள்வியும் உங்கள் பெயரில்தான் இருக்கும்.