வாக்கரா, நடைவண்டியா? டைல்ஸ் வீட்டில் எதை உருட்ட விடலாம்?

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம். நன்றாகத் தவழ்கிறான், சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கிறான். உட்கார வைத்து உருட்டும் வாக்கர் ஒன்றை உறவினர் பரிசாகக் கொடுத்திருக்கிறார். 'அதுல போடாதே, நடைவண்டி வாங்கு' என்கிறார் மாமியார். வாங்கினோம். வீடு முழுக்க வழவழவென்று டைல்ஸ். வண்டி முன்னால் ஓட, பிள்ளை குப்புற விழுந்துவிட்டான். இரண்டில் எது சரி? மூத்தவளுக்கு ஐந்தரை வயது. கையில் எப்போதும் போன். அவளுக்கும் அந்தக் காலத்து ஓடுகிற, சுற்றுகிற விளையாட்டுச் சாமான் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் பிள்ளை வளர்த்த காலத்துத் தரை வேறு. சாணி மெழுகிய தரையிலும் சொரசொரப்பான சிமென்ட் தரையிலும் மரச்சக்கரம் உரசிக்கொண்டு மெதுவாகத்தான் நகரும். உங்கள் வீட்டில் தரைதான் மாறியிருக்கிறது, அதற்கேற்ப வண்டியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். எப்படி என்று பிறகு சொல்கிறோம். முதலில் அந்த வாக்கரைப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். இன்னொரு வீட்டுக்குத் தானமாகவும் கொடுக்க வேண்டாம்.

வாக்கரில் பிள்ளையின் எடையைத் தாங்குவது கால் இல்லை, இடுப்புக்குக் கீழே இருக்கும் துணி. கால் விரல் நுனி தரையில் பட்டாலே வண்டி நகர்ந்துவிடும். அதனால் பாதம் முழுதாகப் பதிவதில்லை, விரலால் உந்தியே பழகுகிறது. முன்னால் இருக்கும் தட்டு பாதத்தை மறைத்துவிடுவதால் தன் கால் எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு பக்கம் சாய்ந்தால் இடுப்பை இழுத்து நிமிர்த்தும் வேலையும் இல்லை, சட்டமே நிமிர்த்திவிடுகிறது. நடைக்கு வேண்டியவை இந்த மூன்றும்தான். வாக்கர் இவற்றைக் கற்றுத் தருவதில்லை. போதாக்குறைக்கு, ஒரு நொடியில் சுமார் ஒரு மீட்டர் தூரம் போய்விடும். நீங்கள் எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டு வந்துவிடும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, வாக்கரில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் படியில் உருண்டவர்கள். கனடா 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நிற்கிறது. அது தள்ளினால்தான் வண்டி நகரும், நின்றால் வண்டியும் நிற்கும் (நிற்க வேண்டும், அங்கேதான் உங்கள் வீட்டில் சிக்கல்). விளையாட்டுப் பொருள் வாங்கும்போதெல்லாம் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இதை நகர்த்துவது யார், பிள்ளையா, பேட்டரியா? பேட்டரி கார் ஓடும்போது பிள்ளை வெறும் பார்வையாளர்.

பத்து மாதம் ஆகிவிட்டது என்பதற்காக நடைவண்டி கொடுக்கக் கூடாது. தானே எதையாவது பிடித்து எழ வேண்டும். எழுந்தபின் சுவரையோ கட்டில் விளிம்பையோ பிடித்துப் பக்கவாட்டில் நாலு எட்டு வைக்க வேண்டும். அதுதான் அளவு. உங்கள் மகன் எழுந்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் நகர்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் சில வாரம் பொறுங்கள். சோபாவின் ஒரு முனையில் அவனையும் மறுமுனையில் பிடித்தமான சாமானையும் வையுங்கள், தானாக நகர்வான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிடிமானமில்லாமல் நடக்கத் தொடங்கும் வயது சுமார் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினோராம் மாதமே நடந்தது என்று பதறுவதற்கு ஒன்றுமில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

இப்போது வண்டியைப் பார்ப்போம். கைப்பிடிக் கட்டை, பிள்ளை நிமிர்ந்து நிற்கும்போது தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வர வேண்டும். ஒரு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 74, 75 செ.மீ. என்பதால், தரையிலிருந்து 42 முதல் 46 செ.மீ. சரியாக இருக்கும். தாழ்வாக இருந்தால் கூன் போட்டுக்கொண்டு ஓடும்; உயரமாக இருந்தால் தொங்கும். கட்டை உங்கள் கட்டைவிரல் பருமன் இருந்தால் போதும், அதற்கு மேல் தடித்தால் பிள்ளையின் விரல் சுற்றி வளைத்துப் பிடிக்காது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 35 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் குதிகால் சக்கரத்தில் இடறும்.

கடையில் பலரும் கவனிக்காதது கைப்பிடியின் இடம். பக்கவாட்டில் நின்று பாருங்கள். கைப்பிடியிலிருந்து நேர்கீழே கோடு போட்டால், அது பின்சக்கர அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ விழ வேண்டும். சில வண்டிகளில் கைப்பிடி அழகாகப் பின்னால் சாய்ந்திருக்கும். ஒன்பது கிலோ பிள்ளை அதைப் பிடித்து எழும்போது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி அவன் மேலேயே கவிழும். கைப்பிடியை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் எழும்பினால் வாங்க வேண்டாம்.

டைல்ஸ் பிரச்சினைக்கு வருவோம். சக்கரம் உருளாமல் சறுக்குவது வேறு, சரளமாக உருண்டு ஓடிவிடுவது வேறு. வைத்தியமும் வேறு வேறு. சறுக்கினால், பழைய பைக் டியூபை இரண்டு செ.மீ. அகலத்துக்கு வளையமாக வெட்டி மூன்று சக்கரத்திலும் இழுத்து மாட்டுங்கள். ஆனால் ரப்பர் போட்ட பிறகும் வண்டி வேகமாக ஓடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. காரணம், ரப்பர் சறுக்கலைத்தான் நிறுத்தும், உருளுவதை நிறுத்தாது. உருளும் வேகத்தைக் குறைக்கச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அச்சில் தடித்த ரப்பர் வாஷரோ தோல் துண்டோ கோத்து, வெளிப்பக்க ஆப்பை இறுக்கி அடிக்க வேண்டும். அச்சுக்கு எண்ணெய் மட்டும் விடாதீர்கள், கீச்கீச்சென்று சத்தம் வந்தாலும் பரவாயில்லை. பிறகு ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட்டை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அடிக்கட்டையில் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். பாரம் தாழ்வாக இருப்பதால் வண்டி கவிழாது, தள்ளவும் கொஞ்சம் முயற்சி வேண்டும். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு விரலால் லேசாகத் தள்ளிவிடுங்கள். ஒரு அடி தூரத்துக்குள் தானாக நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஓடினால் வாஷரை இன்னும் இறுக்குங்கள். மகன் நன்றாக நடக்க நடக்க உப்புப் பாக்கெட்டை எடுத்துவிடலாம்.

வெறுங்காலோடு விடுங்கள். சாக்ஸ் போட்டு டைல்ஸில் நடக்க விடுவது எண்ணெய்த் தரையில் விடுவது போலத்தான். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் தவழட்டும், ஏறட்டும், பிடித்து நிற்கட்டும். வண்டி சுவரில் முட்டி நிற்கும்போது ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்காதீர்கள். அவன் இழுத்துப் பார்ப்பான், அழுவான், பக்கவாட்டில் போய் உதைப்பான். பின்னால் இழுத்தால் வண்டி வரும் என்று கண்டுபிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். அந்த இரண்டு மூன்று நாளைப் பறிக்க வேண்டாம். படிக்கட்டு வாசலில் மட்டும் குறுக்குத் தடுப்புக் கட்டாயம்; நடைவண்டிக்கும் படி ஆபத்துதான்.

எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துவது, 18 மாதமாகியும் தனியாக நடக்காதது: இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வண்டி அதற்கு மருந்தாகாது. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

வண்டியோ கிலுகிலுப்பையோ, இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். அம்பாசமுத்திரம், கர்நாடகத்தின் சென்னபட்டணா போன்ற ஊர்களில் கடைசல் பிடிக்கும்போதே அரக்கை உரசி ஏற்றும் சாமான்கள் நல்லவை. சுழலும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், உரியாது. நகத்தால் சுரண்டினால் ஏடாகப் பெயர்ந்தால் அது அரக்கில்லை, மேலே பூசிய பெயின்ட். 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; அதைவிடச் சற்றே பெரிய துண்டுகூட ஆபத்துதான். 2021 முதல் இந்தியாவில் விளையாட்டுப் பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு என்பதால், மரச்சாமானில் முத்திரை இல்லை என்று ஒதுக்க வேண்டியதில்லை. நகச் சோதனையும் நாணயச் சோதனையும் செய்து பாருங்கள்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை வீட்டில் இருந்தால் கடைக்குட்டி கையில் கொடுக்காதீர்கள், வண்ணம் பூசியது, உடையக்கூடியது. எட்டாத இடத்தில் ஆட்டிவிட்டுக் காட்டினால் கண் அதன் பின்னாலேயே போகும். அதுவே மூத்தவளுக்கு நல்ல பாடம். தள்ளினாலும் ஏன் எழுந்து நிற்கிறது என்று அவளையே செய்து பார்க்கச் சொல்லலாம். கண் இல்லாத பாதிக் கொட்டாங்கச்சி ஒன்று, இரண்டு கைப்பிடி பிசைந்த களிமண், ஒரு காகிதக் கூம்பு. கச்சியின் அடியில் இரண்டு செ.மீ. உயரத்துக்குக் களிமண்ணை அழுத்தி, மேலே கூம்பை ஒட்டித் தள்ளினால் சாய்ந்து எழும். பிறகு கூம்பின் உச்சியில் ஒரு நெல்லிக்காய் அளவு களிமண் வைக்கச் சொல்லுங்கள். இப்போது படுத்துவிடும். பாரம் கீழே இருந்தால்தான் எழும், மேலே ஏறினால் விழும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைப் பக்கவாட்டில் ஒட்டினால் பொம்மை கோணிக்கொண்டு நிற்கும்; அதையும் அவளே சரிசெய்யட்டும்.

நுங்குக் காலமென்றால் நுங்கு வண்டிக்கு ஈடு கிடையாது. நுங்கு தோண்டித் தின்ற பனங்காய் இரண்டு, ஒரே அளவில். விரல் பருமனில் ஒரு அடிக் குச்சி அச்சுக்கு. பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கவட்டையோடு ஒரு நீளக் கம்பு. காயின் நட்டநடுவில் துளையிட்டு அச்சை இறுக்கமாகச் சொருகி, கவட்டையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ள வேண்டியதுதான். துளை போடும் கத்தி வேலை பெரியவர்களுடையது. வண்டி ஒரு பக்கமாகவே வட்டமடித்தால் அந்தப் பக்கத்துக் காய் சிறியது என்று பொருள்: ஒரு சுற்றுக்குப் பெரிய காய் அதிக தூரம் போகும், சிறியது பின்தங்கும், வண்டி சிறியதன் பக்கம் திரும்பிவிடும். இரண்டு மூன்று நாளில் காய் வற்றி அச்சு கழன்றால் துணி சுற்றிச் சொருகலாம். காயின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

பம்பரம் அவளுக்கு இன்னும் ஓராண்டு கழித்துத்தான் முழுதாக வசப்படும். இப்போதைக்கு விரலால் திருகிவிடும் கைப்பம்பரம் கொடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் சேர்ந்து திருக வேண்டும். பென்சில் பிடிக்கவும் அதே மூன்றுதான். இதனால் கணக்கு வரும், மூளை கூர்மையாகும் என்றெல்லாம் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம், விரல் பழகுவதே போதுமான லாபம்.

சாட்டைப் பம்பரம் தொடங்கும்போது நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான பருத்திக் கயிறு, ஒரு முனையில் முடிச்சு. மறுமுனையை லேசாக ஈரப்படுத்தி ஆணியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி இடைவெளியில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். முடிச்சை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வீசி, பம்பரம் தரையைத் தொடும் முன்பே கையைப் பின்னால் வெட்டி இழுக்க வேண்டும். சுற்றாமல் படுத்துக்கொண்டு உருண்டால் சுற்று தளர்வு, அல்லது இழுப்பு தாமதம். சுற்றும்போது தலை ஆடி அலைந்தால் பிள்ளையின் கையில் தவறில்லை, ஆணி கோணல். பம்பரத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆணியை லேசாகத் தட்டி நிமிர்த்துங்கள். நிமிர்ந்துவிட்டால் ஆடாமல் அசையாமல் நின்று 'தூங்கும்'. மண் தரையில் விடச் சொல்லுங்கள், டைல்ஸில் ஆணி கீறும், துள்ளும். பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். தம்பி அந்த நேரத்தில் இடுப்பில் இருக்க வேண்டும், தரையில் அல்ல.