கேள்வி – பதில்: எக்ஸ்-மென் படங்களில் எது மேலே, எது கீழே?

கே: எக்ஸ்-மென் படங்களை ஆளுக்கொரு மாதிரி வரிசைப்படுத்துகிறார்கள். உங்கள் வரிசை என்ன? எந்த அளவுகோலில்?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

ப: 2000 முதல் 2020 வரை ஃபாக்ஸ் தயாரிப்பில் வந்தவை 13 படங்கள். இரண்டு டெட்பூல் படங்களும் வேறு ரகம். தன்னையே கேலி செய்துகொள்ளும் படத்தை மற்றவற்றோடு ஒரே தராசில் வைக்க முடியாது. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 11.

எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: சேவியருக்கும் மேக்னிட்டோவுக்கும் இடையிலான வழக்கைப் படம் எவ்வளவு நேர்மையாக நடத்துகிறது? இருவரும் பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மியூட்டன்ட்கள். மனிதர்களோடு சேர்ந்து வாழலாம் என்பவர் மனதைப் படிக்கும் சேவியர். அவர்கள் நம்மை விட்டுவைக்க மாட்டார்கள் என்பவர் உலோகத்தை ஆட்டிவைக்கும் மேக்னிட்டோ, அதுவும் நாஜி முகாமில் தாயை இழந்தவர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்வரை படம் உயிரோடு இருக்கிறது. வெளியிலிருந்து மூன்றாவது ஆளை வில்லனாகக் கொண்டுவந்து இந்த வழக்கை ஒத்திவைத்த படங்கள் அத்தனையும் சரிந்திருக்கின்றன.

மேலிருந்து கீழாக: லோகன் (2017), எக்ஸ்-2 (2003), டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் (2014), ஃபர்ஸ்ட் கிளாஸ் (2011), முதல் எக்ஸ்-மென் (2000), த வுல்வரின் (2013), த லாஸ்ட் ஸ்டாண்ட் (2006), அப்போகலிப்ஸ் (2016), டார்க் ஃபீனிக்ஸ் (2019), த நியூ மியூட்டன்ட்ஸ் (2020), ஒரிஜின்ஸ்: வுல்வரின் (2009).

எக்ஸ்-2 ஏன் இரண்டாவது? ராணுவ அதிகாரி ஸ்ட்ரைக்கர் சேவியரின் பள்ளியைத் தாக்கியதும் இரு தரப்பும் கைகோக்கிறது. உயிர் பிழைத்த மறுகணமே மேக்னிட்டோ, உலகெங்குமுள்ள மனங்களைத் தேடிப்பிடிக்கும் செரிப்ரோ கருவியை மனிதகுலத்துக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார். கூட்டணி உடைவதற்கு வெளியாள் தேவைப்படவில்லை. அவருடைய கொள்கையே போதும். பிளாஸ்டிக் சிறையில் இருப்பவர், காவலரின் இரத்தத்தில் ஏற்றப்பட்ட இரும்பை உருவியெடுத்துத் தப்பிக்கும் காட்சியும் இதில்தான். சக்தியைக் காட்டும் காட்சியில் ஆளின் குணமும் சேர்ந்து தெரிவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் தொடரில் இல்லை.

த லாஸ்ட் ஸ்டாண்ட் பலரும் ஏசும் அளவுக்கு மோசமில்லை. மியூட்டன்ட் தன்மையை மாற்றும் மருந்து வந்தால் போட்டுக்கொள்வீர்களா என்பது நல்ல கேள்வி. தன்மேல் பாயவிருந்த மருந்து ஊசியைக் குறுக்கே வந்து தாங்கி மனுஷியாகிவிட்ட தோழி மிஸ்டிக்கை மேக்னிட்டோ அங்கேயே விட்டுவிட்டுப் போகும் இடம் ஒன்றே இதற்குச் சாட்சி. கெடுத்தது, ஜீன் கிரே என்ற மியூட்டன்ட் பெண்ணின் சக்தி கட்டுமீறிப்போகும் ஃபீனிக்ஸ் கதை. தனிப்படமாக வரவேண்டியதை அதே 104 நிமிடத்துக்குள் திணித்துவிட்டார்கள். எழுதியவர்களில் ஒருவரான சைமன் கின்பெர்க் 13 ஆண்டு கழித்து டார்க் ஃபீனிக்ஸைத் தாமே இயக்கினார். இந்த முறை வேற்றுக்கிரகவாசிகள் வந்து வழக்கை மறுபடியும் ஒத்திவைத்தார்கள்.

அப்போகலிப்ஸில் மேக்னிட்டோ அடியாளாகிவிட்டார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கே: லோகனில் மேக்னிட்டோவே இல்லையே! உங்கள் அளவுகோல்படி அது எப்படி முதலிடம்?
– செந்தூல் வாசகி

ப: சரியான பிடி! வழக்கு முடிந்துபோன பிறகு நடக்கும் கதை அது. ஆண்டு 2029. புது மியூட்டன்ட்கள் பிறப்பதே நின்றுவிட்டது. உலகிலேயே ஆபத்தான மூளை, நோய் வந்த கிழவர் சேவியரின் தலைக்குள் இருக்கிறது. மாத்திரை தவறினால் சுற்றியிருப்பவர்கள் சாவார்கள். சேவியரின் கனவுக்கு என்ன விலை ஆனது என்று கணக்குப் பார்க்கும் படம் இது ஒன்றுதான். இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்ட். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. ஆனால் முதலிடம் என்பதற்காக முதலில் பார்த்துவிடாதீர்கள். பழைய சேவியரை அறியாதவருக்கு இந்தச் சேவியர் வெறும் நோயாளி.

கே: படிவம் 1 படிக்கும் மகனோடு பள்ளி விடுமுறையில் பார்க்கவேண்டும். கதை நடக்கும் ஆண்டு வரிசையில் போகலாமா?
– கெப்போங் வாசகி

ப: வேண்டாம், வெளிவந்த வரிசையிலேயே போங்கள். 1962இல் நடக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸில் தொடங்கினால், சேவியரும் மேக்னிட்டோவும் எப்படிப் பிரிந்தார்கள் என்ற மர்மம் முதல் படத்துக்கு முன்பே உடைந்துவிடும்.

ஐந்து படம் போதும்: எக்ஸ்-மென், எக்ஸ்-2, லாஸ்ட் ஸ்டாண்ட், ஃபர்ஸ்ட் கிளாஸ், டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட். மொத்தம் ஏறக்குறைய 10 மணி நேரம். சனிக்கிழமை காலைப் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் முதல் இரண்டும் 4 மணி நேரத்தில் முடியும். மூன்றாவதை அன்று மாலைக்கு வையுங்கள், மீதி இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. சுமார்தானே என்று லாஸ்ட் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டால், அதில் செத்தவர்கள், காலத்தில் பின்னோக்கிப் போய்ச் சரித்திரத்தை மாற்றும் டேஸின் கடைசிக் காட்சியில் உயிரோடு நிற்கும்போது மகனுக்கு ஒன்றும் தோன்றாது. த வுல்வரினைப் பார்க்காவிட்டாலும், அதன் இறுதிப் பெயர்வரிசைக்கு நடுவே வரும் விமான நிலையக் காட்சியை மட்டும் டேஸுக்கு முன் போட்டுக் காட்டுங்கள்.

லோகனும் டெட்பூல் படங்களும் அமெரிக்காவிலேயே பெரியவர்களுக்கான ஆர் சான்றிதழ் பெற்றவை. அவை பிறகு.

கே: நண்பர்கள் ஆறு பேர் 11 படத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டோம். கூட்டிப் பார்த்தால் யாருக்குமே பிடிக்காத வரிசை வருகிறது. எங்கே தவறு?
– பினாங்கு, பாயான் லெப்பாஸ் வாசகர்

ப: மார்க் போட்டதுதான் தவறு. ஒருவர் எல்லாவற்றுக்கும் 7க்கும் 9க்கும் நடுவில் போடுவார். இன்னொருவர் 1 முதல் 10 வரை விளையாடுவார். கூட்டும்போது இரண்டாமவரின் ருசிதான் ஜெயிக்கும்.

மார்க்கை விட்டு, இடத்தைக் கேளுங்கள். ஆளுக்கு 11 துண்டுச்சீட்டு, சீட்டுக்கு ஒரு படம். முதல் சீட்டை மேசையில் வையுங்கள். அடுத்து வரும் ஒவ்வொன்றையும், ஏற்கெனவே அடுக்கியதில் நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். மேல் என்றால் மேல்பாதியின் நடு, கீழ் என்றால் கீழ்ப்பாதியின் நடு, இப்படியே இடம் கிடைக்கும்வரை. எல்லாப் படத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டால் 55 ஒப்பீடு. இந்த முறையில் 29ஐத் தாண்டாது. ஒப்பிடும் கேள்வியையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்: "எது நல்ல படம்?" என்பது வேறு, "இன்றிரவு எதை மறுபடி பார்ப்பாய்?" என்பது வேறு. பாதிப்பேர் ஒன்றுக்கும் மீதிப்பேர் மற்றதற்கும் பதில் சொன்னால் வரிசை குழம்பிவிடும்.

முதலிடத்துக்கு 11 புள்ளி, கடைசிக்கு 1. ஒருவரின் மொத்தம் 66, ஆறு பேருக்கு 396. இந்தத் தொகை வராவிட்டால் யாரோ ஒரே புள்ளியை இரண்டு படத்துக்குப் போட்டிருக்கிறார்கள், அல்லது ஒரு படத்தை விட்டிருக்கிறார்கள், அல்லது கூட்டலில் பிழை. தொகை சரியென்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைத்த மிக உயர்ந்த புள்ளியையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு மீதி நான்கைக் கூட்டுங்கள். அடுத்தவருக்குப் பிடித்த படத்தை வேண்டுமென்றே அடியில் போடும் ஆள் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு.

பார்க்காத படத்தைக் கடைசியில் தள்ளுவதுதான் இன்னொரு பெரிய கோளாறு. நியூ மியூட்டன்ட்ஸ் பெருந்தொற்றுக் காலத்தில் வந்தது. பலர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு பேரும் பார்த்தவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். அப்போது மேலே சொன்ன தொகைகளும் மாறும்: 10 படம் என்றால் ஆளுக்கு 55.

கே: ஃபர்ஸ்ட் கிளாஸ் முடிவிலேயே சேவியருக்குக் கால் செயலிழந்துவிடுகிறது. பிறகு லாஸ்ட் ஸ்டாண்டின் தொடக்கத்தில் நடந்து வருகிறாரே?
– செராஸ் வாசகர்

ப: பிழைதான். லாஸ்ட் ஸ்டாண்ட் ஐந்தாண்டு முந்தி வந்த படம். பின்னால் எழுதியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரிஜின்ஸிலும் நடப்பார். டேஸ் 1973க்குப் பிந்திய சரித்திரத்தையே அழித்துவிட்டதால் இப்போது யாரும் வழக்காடுவதில்லை.

கே: தொலைக்காட்சியில் டேஸ் ஐந்து நிமிடம் குறைவாக ஓடியது. வெட்டிவிட்டார்களா?
– அம்பாங் வாசகர்

ப: அவசியமில்லை. படம் விநாடிக்கு 24 ஃபிரேம். நம் நாட்டில் வழக்கமாக இருந்துவந்த பால் (PAL) என்ற தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை 25 ஃபிரேம். அந்த வேகத்துக்கு மாற்றி ஒளிபரப்பினால் 132 நிமிடப் படம் 127க்குள் முடிந்துவிடும். குரலும் இம்மி உயர்ந்து கேட்கும். விளம்பரத்தைக் கழித்த பிறகும் அதைவிடக் குறைந்தால் வெட்டு என்று சந்தேகப்படலாம். மாறாக 149 நிமிடம் ஓடினால், அது 2015இல் வந்த ரோக் கட் என்ற நீண்ட பதிப்பு. ரோக் என்ற மியூட்டன்ட் பெண்ணை மீட்கும் கிளைக்கதை அதில் கூடுதல். வரிசை போடும்போது எல்லாரும் ஒரே பதிப்பைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.