நான்கு பேர் உள்ள வீட்டில் மளிகை, காய், பால் எல்லாம் சேர்த்து மாதம் 9,000 ரூபாய்க்குள் முடிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். கணவன், மனைவி, அம்மா, ஒன்றாம் வகுப்புப் பையன் என்று நான்கு பேர். சைவம். அரிசி கார்டு இருக்கிறது. ஒன்றாம் தேதி 9,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள், 20-ஆம் தேதி வாக்கில் தீர்ந்துவிடுகிறது, அதற்கு மேல் கிரெடிட் கார்டில் ஓடுகிறது என்று எழுதி, ஒரு மாதச் செலவு விவரத்தையும் அனுப்பியிருக்கிறார்.

முடியும் என்பதுதான் என் பதில். நான் மதுரையில் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குச் சமைத்துப் போடுகிறவள். எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுவதால் பல வீடுகளின் வரவு செலவும் தெரியும். இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது இது: ரூபாயில் மட்டும் பட்ஜெட் போடுகிற வீட்டில் அது நிற்பதில்லை. கிலோவிலும் லிட்டரிலும் போடுகிற வீட்டில் நிற்கிறது.

விலை நம் கையில் இல்லை. 2024 செப்டம்பரில் மத்திய அரசு சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதமாக ஏற்றியது. நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருவதால் கடையில் உடனே விலை ஏறியது. 2025 மே கடைசியில் அந்த வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். இதில் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு மாதம் இத்தனை லிட்டர்தான் என்பதை நாம் முடிவு செய்யலாம். விலை ஏறினால் எந்தப் பொருளில் எவ்வளவு ஏறியது என்று தெரியும், வேறு எதைக் குறைக்கலாம் என்று யோசிக்க முடியும். அளவு தெரியாவிட்டால் "எல்லாமே விலை ஏறிவிட்டது" என்று சொல்வதோடு நின்றுவிடும்.

உங்கள் வீட்டு அளவைக் கண்டுபிடிக்கப் பெரிய வேலை எதுவும் வேண்டாம். பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். டப்பாவில் கொட்டுவதாக இருந்தால் டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி எழுதுங்கள். தீர்ந்ததும் அந்தத் தேதியை நோட்டில் குறியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் துவரம் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, காபித்தூள் எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்துவிடும். செயலியில் எழுதுவதா நோட்டில் எழுதுவதா என்பது முக்கியமில்லை. சமையலறையிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு ஒரு உத்தேச அளவு தருகிறேன். மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை, மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு என்றால் சாப்பாட்டு அரிசி 20 முதல் 22 கிலோ, இட்லி அரிசி 5 கிலோ, உளுந்து ஒன்றேகால் கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை கிலோ, சர்க்கரை 2 கிலோ, கோதுமை மாவு 3 கிலோ. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நல்லெண்ணெயும் சேர்த்து உங்களுக்கு 2 லிட்டர். நான் அரை லிட்டர் கூட்டி இரண்டரை என்று வைக்கிறேன். எங்கள் குழுவில் எண்ணெய் அளவைக் குறித்துப் பார்த்த பலரும் திகைத்துப் போனார்கள், நான்கு பேருக்கு 5 லிட்டர் ஊற்றுகிற வீடுகள் இருக்கின்றன. பட்ஜெட்டுக்காக இல்லாவிட்டாலும் உங்கள் அம்மாவின் உடம்புக்காக இந்த ஒன்றை மட்டுமாவது அளந்து பாருங்கள்.

சரி, அளவு தெரிந்த பிறகு எங்கே வாங்குவது? முதலில் ரேஷன். அரிசி கார்டு வைத்துக்கொண்டு அரிசியை மட்டும் வாங்குகிறவர்கள், அல்லது எதுவுமே வாங்காதவர்கள் நிறையப் பேர். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ வீதம் அதிகபட்சம் 2 கிலோ கிடைக்கும் என்பதால் உங்கள் மாதத் தேவை அங்கேயே முடிகிறது. வெளியில் ஒரு கிலோ துவரம் பருப்புக்குக் கொடுக்கிற பணத்தை நினைத்தால் வரிசையில் நிற்பது வீண் வேலை இல்லை. பருப்பும் எண்ணெயும் எல்லா நாளும் இருக்காது, சரக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். புழுங்கல் அரிசியை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து ஊறப்போட்டால் இட்லி நன்றாகவே வரும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

மாவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். கடையில் ஒரு கிலோ மாவு வாங்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் மாவு வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன், நேரமும் பணம்தான். ஆனால் கிரைண்டர் இருந்தும் சும்மா கிடக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அரைத்து வைப்பது நிறையவே மிச்சம் செய்யும்.

சாப்பாட்டு அரிசி மூட்டையாக வாங்குங்கள். கடையில் 26 கிலோ மூட்டை என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேல் எடை இருந்தால் கிடையாது. அதனால்தான் மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள். விலை கேட்கும்போது மூட்டை விலையை விட்டுவிட்டுக் கிலோ விலையைக் கேளுங்கள்.

பாக்கெட் சாமானுக்கும் இதையே செய்யுங்கள். எண்ணெய்தான் அதிகம் ஏமாற்றும். ஒரே அளவு போலத் தெரியும் பாக்கெட்டுகளில் ஒன்று ஒரு லிட்டர், ஒன்று 850 மில்லி, இன்னொன்று 800 கிராம் என்று இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. விலை குறைந்த பாக்கெட் உண்மையில் விலை கூடியதாக இருக்கலாம். எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என்பது இப்போது விதி. சின்ன எழுத்தில் இருக்கும், ஆனால் இருக்கும்.

காய்கறிக்கு வாராவாரம் தனிப் பணம். கோயம்புத்தூரில் உழவர் சந்தைகள் இருக்கின்றன, அதைவிட என்ன வேண்டும்? 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில்தான் முதல் சந்தை தொடங்கியது. நான் இன்றும் அங்கேதான் வாங்குகிறேன். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே அன்றைய விலையை முடிவு செய்து பலகையில் எழுதிவிடுகிறார்கள், பேரம் பேச வேண்டியதில்லை. பலகையைப் பார்த்த பிறகுதான் அந்த வாரம் என்ன சமைப்பது என்று முடிவு செய்வேன். "இந்த வாரம் முருங்கைக்காய் சாம்பார்" என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு மார்கழியில் சந்தைக்குப் போனால், அந்த ஒரு காயே வாரப் பணத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அப்படிப்பட்ட சமயங்களில் தக்காளி இல்லாத சமையல் நமக்குக் குறைவா என்ன? மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, மிளகுக் குழம்பு, கீரை மசியல், எலுமிச்சை ரசம். நம் பாட்டிமார் சமையலில் பாதி தக்காளி இல்லாமல்தான் இருந்தது.

இப்போது உங்கள் 9,000 எங்கே ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். நீங்கள் எழுதிய விவரத்தில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் நியாயமாகத்தான் இருக்கின்றன. 5-ஆம் தேதிக்கு மேல் அடிக்கடி 150, 230, 310 என்று சின்னச் சின்னத் தொகைகள் இருக்கின்றன பாருங்கள், விஷயம் அங்கேதான். நாடு முழுவதும் இதே கதைதான். மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நகரக் குடும்பங்கள் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குச் செய்த செலவு மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கும் குறைவு. பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், வெளியில் வாங்கும் சாப்பாடு இவற்றுக்குச் சுமார் 11 சதவீதம். காய், பால், பருப்பு எதுவும் இந்த அளவுக்கு வரவில்லை.

இந்தச் சாமான்களுக்கு யாரும் அளவு வைப்பதில்லை. பருப்புக்கு 2 கிலோ என்று தெரிந்த வீட்டில் பிஸ்கட்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. பையன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு ஏதாவது வேண்டும், அது அவன் உரிமை. அதை நிறுத்தச் சொல்லவில்லை, மாத மளிகைப் பட்டியலில் ஏற்றுங்கள் என்கிறேன். கொண்டைக்கடலை ஒரு கிலோ, தட்டைப்பயறு அரை கிலோ, வேர்க்கடலை ஒரு கிலோ, அவல், பொரி, கடலைமிட்டாய் ஒரு பாக்கெட், அவனுக்குப் பிடித்த பிஸ்கட் வாரத்துக்கு இரண்டு. அதை ஒரு டப்பாவில் போட்டு, "இந்த வாரத்துக்கு இது, எப்போது சாப்பிடுவது என்று நீயே முடிவு செய்துகொள்" என்று அவனிடமே கொடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். எங்கள் வீட்டில் சின்னவள் சனிக்கிழமைக்கென்று எடுத்து வைக்கிறாள்.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் செயலிகள் பணம் ஓடுகிற இன்னொரு வழி. கொத்தமல்லி ஒரு கட்டு வேண்டும் என்று திறந்தால், டெலிவரி கட்டணம் வேண்டாம் என்பதற்காக இன்னும் மூன்று சாமான் ஏறுகிறது. மாதம் ஒன்றிரண்டு நாள் அவசரத்துக்கு அது நல்ல வசதிதான். மற்ற நாட்களில் தெருமுனை அண்ணாச்சி கடையில் கடுகு 50 கிராம், பெருங்காயம் சின்ன டப்பா என்று தேவையான அளவு மட்டும் வாங்கலாம். வயதானவர்களை அனுப்பினாலும் அவர்களும் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார்கள்.

அப்புறம் ஆண்டுச் சாமான். மாசி, பங்குனியில் புதுப்புளியும் புது மிளகாய் வற்றலும் மல்லியும் வரும். அப்போது ஒரு வருஷத்துக்கு வாங்கி, புளியைக் கொட்டை எடுத்து வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவி ஜாடியில் அடைத்தால் அடுத்த மாசி வரை கவலை இல்லை. இதற்கு ஒரே மாதத்தில் பெரிய தொகை வேண்டும், மாதச் சம்பளத்தில் திடீரென்று முடியாது. தீபாவளி மாதமும் அப்படித்தான். அதனால் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துத் தனியாகப் போட வேண்டும்.

உங்கள் 9,000-ஐ நான் பிரித்தால் இப்படி வரும். ஆவின் பச்சைப் பாக்கெட் தினம் ஒரு லிட்டர், லிட்டர் 44 ரூபாய் வீதம் 1,320. காய், கீரை, பழம் வாரம் 500 வீதம் 2,000. சோப்பு, துணி பவுடர் உட்பட மளிகை மொத்தம் 4,300, இது ரேஷன் பருப்பையும் சர்க்கரையையும் வாங்கினால் மட்டும். தின்பண்டம் 600. மிச்சம் 780. காய்ப் பணத்தில் மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் இழுக்கும், அதற்கு 200 எடுத்துக்கொண்டால் 580 மிஞ்சும். அதை ஆண்டுச் சாமானுக்கும் தீபாவளிக்கும் ஒதுக்குங்கள். உறவினர் வந்து தங்கினால் அந்தச் செலவை இதில் கலக்காமல் விசேஷக் கணக்கில் எழுதுங்கள், இல்லையென்றால் அந்த மாத அளவு எல்லாமே குழம்பிவிடும்.

ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று எடை போட்டு எழுதிவிட்டு, தேதி குறிக்கத் தொடங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் வீட்டு அளவுகளைக் கீழே எழுதினால், எதில் குறைக்க முடியும் என்று பார்த்துச் சொல்கிறேன்.