7 வயது டொயோட்டா சியன்டா கார் வாங்கலாமா?

வணக்கம். 7 வருட சியன்டா, 42,000 வெள்ளி, சிஓஇ (காரை வைத்திருக்க உரிமை தரும் சான்றிதழ்) இன்னும் 3 வருடம், வீட்டில் வயதான அம்மா, 2 பிள்ளைகள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 3 வருடக் கடைசியில் காரின் பதிவை ரத்து செய்தால் பார்ஃப், அதாவது அரசாங்கம் திருப்பித் தரும் தொகை, எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள். 6,000 என்றால், மீதி 36,000 மூன்று வருடத்தில் போகிறது; வருடத்துக்கு 12,000 வெள்ளி கரைகிறது. மற்ற கார்களோடு ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். சிஓஇயைப் புதுப்பித்தாலோ பார்ஃப் போய்விடும்.

நகரும் கதவு, நெருக்கமான வீவக கார் நிறுத்துமிடத்தில் அம்மாவுக்கு வரம். ஆனால் கடைசி வரிசையில் நீங்களே 10 நிமிடம் உட்காருங்கள். நான் உட்காராமல் வாங்கினேன். முழங்கால் இன்னும் திட்டுகிறது. மதிய வெயிலில் ஏசி அங்கே எட்டுகிறதா பாருங்கள்.

அப்புறம், காலையில் போய் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குறையை மறைக்க முன்பே எஞ்சினை ஓடவிட்டார்களோ என்று சந்தேகம்தான். ஹைபிரிட் என்றால் பேட்டரி சோதனை பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.